கதையைக் கெடுக்காமல் மேடையேற்றுவது: பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு நாடகக் குழு தொடங்க முழு வழிகாட்டி

எங்கள் குழுவின் முதல் நாடகம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் வேப்பமரத்தடியில் நடந்தது. ஒரு சிறுகதையை எடுத்து வசனமாகப் பிரித்து, சிரிப்புக்கு ஒரு போலீஸ்காரரைச் சேர்த்து, கடைசியில் ஒரு பாட்டும் வைத்திருந்தோம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நாங்களும் பூரித்துப்போனோம். கதை இருந்த புத்தகத்தைப் பள்ளி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினோம். இரண்டு வாரம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி புத்தகத்தோடு வந்து நின்றாள். "சார், முழுவதும் படித்துவிட்டேன். போலீஸ்காரர் எங்கேயும் வரவில்லையே?" என்றாள். ஏமாற்றப்பட்ட முகம் அது. எங்கள் நாடகத்தை நம்பிப் புத்தகத்தைத் திறந்தவளுக்குப் புத்தகம் சப்பென்று இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம். எழுத்தாளர் எழுதாத ஒரு சொல்லையும் மேடையில் பேசுவதில்லை. வெட்டலாம், சேர்க்கக் கூடாது. கீழே வருவதெல்லாம் அந்த விதியின் மேல் கட்டியதுதான். புதுச்சேரியில் வேலு சரவணனின் 'ஆழி' குழு செய்வதுபோலப் பிள்ளைகளோடு பேசிப் பேசியே நாடகத்தை வளர்த்துக்கொண்டு போகும் வழியும் உண்டு. அதற்கு அவரைப் போன்ற கோமாளி ஒருவர் வேண்டும். எங்களிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் அந்த வழியில் போங்கள்.

இந்த விதி எங்கிருந்து வந்தது

நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. 1975இல் தில்லியில் நாடக இயக்குநர் தேவேந்திர ராஜ் அங்கூர், இந்தி எழுத்தாளர் நிர்மல் வர்மாவின் மூன்று கதைகளை நாடகமாக மாற்றி எழுதாமல், கதையாகவே மேடையேற்றினார். 'அவன் எழுந்து ஜன்னலருகே போனான்' என்று கதையில் இருந்தால், நடிகர் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே எழுந்து போவார். இதற்கு 'கதையின் அரங்கம்' என்று பெயர் வந்தது. மும்பையின் மாட்லி நாடகக் குழு உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாயின் கதைகளை இப்படித்தான் நடிக்கிறது. நியூயார்க்கின் அமெரிக்கன் பிளேஸ் தியேட்டரில் வின் ஹேண்ட்மேன் பள்ளிகளுக்காகத் தொடங்கிய திட்டத்திலும் ஒற்றை நடிகர் நூலின் சொற்களையே பேசுவார். நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் மாணவர்களோடு உரையாடல் உண்டு.

நம் பிள்ளைகளுக்கு இது அந்நியமாக இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். தெருக்கூத்தில் திரைக்குப் பின்னால் நின்று தன்னைப் பற்றித் தானே படர்க்கையில் பாடிக்கொண்டு வரும் வேஷக்காரரைப் பார்த்த ஊர்கள் இவை. வில்லுப்பாட்டில் கதை சொல்பவரே நொடியில் அரசனாகி, மறுநொடியில் மறுபடி கதை சொல்பவராவார்.

சிறுவர்களையும் நாடகத்தையும் சேர்த்துப் பேசும்போது நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பாய்ஸ் கம்பெனிகள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். அங்கே சிறுவர்கள் நடித்தார்கள், பெரியவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். இங்கே அது தலைகீழ்.

முதல் படி: கதையைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு பாடவேளைக்குள் நாடகம் முடிய வேண்டும். திறந்தவெளியில், ஒலிபெருக்கி இல்லாமல், நிறுத்திப் பேசினால் நிமிடத்துக்கு 80 முதல் 90 தமிழ்ச் சொற்கள்தான் போகும் என்பது எங்கள் அனுபவம். 35 நிமிடத்துக்கு ஏறக்குறைய 3000 சொற்கள். அதைவிட நீளமான கதை என்றால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் அந்த அளவுக்குக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் கதையை விட்டுவிடுங்கள். பாதிக்கு மேல் வெட்டப்பட்ட கதை அந்த எழுத்தாளருடையதாக இருக்காது.

அடுத்தது சத்தமாக வாசித்துப் பார்ப்பது. தெருவில் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து, நடிப்பு எதுவும் இல்லாமல் கதையைச் சும்மா வாசியுங்கள். முகங்களைப் பார்க்காதீர்கள், பிள்ளைகள் மரியாதைக்காக முகத்தை வைத்துக்கொள்வார்கள். கால்களைப் பாருங்கள். கால்கள் அலையத் தொடங்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஒரே இடத்தில் மூன்று வாசிப்பிலும் கோடு விழுந்தால் அங்கே கத்தரி வேண்டும்.

நீதிக்கதைகளை நாங்கள் தொடுவதில்லை. அவற்றைச் சொல்லப் பள்ளியில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வினைச்சொற்கள் நிறைந்த கதையாகத் தேடுங்கள்: யாரோ எதையோ தூக்குகிறார், மறைக்கிறார், எண்ணுகிறார், காத்திருக்கிறார். மனவோட்டம் மட்டுமே ஓடும் கதை எவ்வளவு சிறந்ததானாலும் வேப்பமரத்தடியில் படுத்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' பெரிய பிள்ளைகளுக்கு, அதாவது ஒன்பதாம் வகுப்புக்கு மேல், அருமையாகப் போகும். சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் முனையில் நின்றுகொண்டு கந்தசாமிப் பிள்ளை, டிராமில் போனால் வெற்றிலை பாக்குக்கு மிஞ்சுமா, பஸ்ஸில் போனால் காப்பிக்கு மிஞ்சுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். இந்தக் கணக்கை ஒரே நடிகர் பேசினால் ஐந்தாவது வரியில் தூக்கம் வரும். மூன்று பேர் அவர் தலைக்குள் நின்று சண்டை போடுவதுபோலப் பிரித்துக் கொடுங்கள்; சொற்கள் அதேதான். சென்னையில் டிராம் 1953இல் நின்றுபோனது. ஆனாலும் டிராம் என்றால் என்ன என்று நாங்கள் விளக்குவதில்லை. கையில் இருப்பது போதுமா என்று கணக்குப் பார்ப்பது அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். பின்னால் கடவுளோடு பிள்ளையின் குழந்தை வள்ளி விளையாடும் இடம் வரும்போது முன்வரிசை முட்டிபோட்டு எழுந்துவிடும்.

உரிமையைப் பற்றி ஒரு வார்த்தை, கொஞ்சம் நீளமான வார்த்தை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். அவருடைய எழுத்துகளை அரசு 2002இல் நாட்டுடைமையும் ஆக்கிவிட்டது; அவர் கதைகளுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஜெயகாந்தன் 2015இல் மறைந்தார். அவர் கதைகளுக்கு 2075 முடியும்வரை அனுமதி வேண்டும். அண்மையில் மறைந்தவராக இருந்தாலும் அவர் எழுத்துகள் நாட்டுடைமையாகியிருக்கலாம் என்பதால் அந்தப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பணம் வாங்காத பார்வையாளர் முன் அமெச்சூர் சங்கம் நடிப்பதற்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆனால் நடிகர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் குழு தன்னை அமெச்சூர் என்று சொல்லிக்கொள்வது சரிவருமா என்பது சந்தேகம். வாழும் எழுத்தாளரென்றால் அவரையும், இல்லையென்றால் வாரிசையோ பதிப்பகத்தையோ எழுத்து மூலம் கேட்டுவிடுவதுதான் நல்லது. கடிதத்தில் இருக்க வேண்டியவை: எந்தக் கதை, எந்தப் பதிப்பு, எத்தனை நிகழ்ச்சிகள், எந்தக் காலம்வரை, கட்டணம் உண்டா, எந்தப் பகுதிகளை வெட்டியிருக்கிறீர்கள். வெட்டிய பிரதியையே இணைத்து அனுப்புங்கள். ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை என்று தெரிந்ததும் பெரும்பாலான எழுத்தாளர்கள் மறுப்பதில்லை. சிலர் நாடகம் பார்க்கவே வந்துவிடுவார்கள்.

இரண்டாம் படி: பிரதியைப் பிரித்தல்

இதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். யார் எந்த வாக்கியத்தைச் சொல்வது என்பதில்தான் இயக்குநரின் வேலை முழுவதும் இருக்கிறது. சான்றாக, எங்கள் ஒத்திகைக்கு நானே எழுதிய மூன்று வாக்கியம்:

பாட்டி கதவைத் திறந்தாள். வாசலில் யாரும் இல்லை. ஆனாலும், "வாப்பா, சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டு இலை எடுக்கப் போனாள்.

வழக்கமான நாடகக்காரர் கையில் இது என்ன ஆகும்? பாட்டி கதவைத் திறந்து, "யாரப்பா அது? அட, யாரையும் காணோமே! வயசானால் இப்படித்தான் காதில் ஏதேதோ கேட்கும்" என்று பேசுவாள். கதையில் இருந்த மௌனம் முழுவதையும் வாய் தின்றுவிட்டது.

எங்கள் முறையில் முதலில் நடந்தது இது. கதைசொல்லியாக ஒரு நடிகை ஓரமாக நின்று முதல் இரண்டு வாக்கியங்களைச் சொன்னாள். பாட்டியாக நடித்தவள் மூன்றாவதைச் சொன்னாள். தவறில்லை, ஆனால் வானொலி போல இருந்தது. மறுநாள் 'பாட்டி கதவைத் திறந்தாள்' என்பதைப் பாட்டியே சொன்னாள், கதவைத் திறந்துகொண்டே. கொஞ்சம் உயிர் வந்தது. மூன்றாம் நாள், அதுவரை வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த இளைஞரைப் பார்வையாளர்களுக்குப் பின்னால் நிற்கவைத்து, 'வாசலில் யாரும் இல்லை' என்ற வாக்கியத்தை மட்டும் அவரிடம் கொடுத்தோம். பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள். யாரும் இல்லை என்று சொல்பவர் அங்கே நிற்கிறார். பாட்டி அவரைப் பார்த்துத்தான் "வாப்பா" என்கிறாள். அவர் இறந்துபோன மகனா, ஊரைவிட்டு ஓடிப்போன பேரனா என்று எங்கேயும் சொல்லவில்லை. சொற்கள் ஒன்றுகூட மாறவில்லை.

இதைச் செய்யக் கணினி வேண்டாம். கதையை இரண்டு மடங்கு பெரிதாக ஜெராக்ஸ் எடுங்கள். ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு நிறப் பென்சில். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'இதைச் சொல்ல யாருக்கு வலிக்கும்?' என்று கேட்டுப் பாருங்கள். வலிப்பவரிடம் கொடுங்கள். அடி வாங்கிய பையனே 'என்று அப்பா கத்தினார்' என்று முடிக்கும்போது வருவது, அப்பாவாக நடிப்பவர் உண்மையிலேயே கத்தினாலும் வருவதில்லை.

'என்றான்', 'என்று கேட்டாள்' ஆகியவற்றை வெட்டிவிட வேண்டும் என்று முதலில் கை துறுதுறுக்கும். வெட்டாதீர்கள். முதல் முறை கேட்கும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். மூன்றாம் முறை கவனிக்க மாட்டார்கள். பத்தாம் முறை அவர்களே சேர்ந்து சொல்வார்கள்.

வெட்டும்போது வாக்கியத்தின் நடுவில் கை வைக்க வேண்டாம். முழு வாக்கியம், முடிந்தால் முழுப் பத்தி. வருணனையில் மூன்று உவமை இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுக்கலாம் என்று தோன்றும். அது எழுத்தாளரின் மூச்சை நடுவில் நிறுத்துவது. எடுத்தால் பத்தியை முழுதாக எடுங்கள்.

சாதிப் பெயர், வசைச்சொல், இன்று கூசும் சொல் கதையில் இருந்தால் என்ன செய்வது? இதில் எங்கள் குழுவுக்குள்ளேயே இன்றும் சண்டை ஓயவில்லை. நான் சொல்வது: வேறு சொல்லை மாற்றி வைக்காதீர்கள். அந்தப் பத்தியை எடுத்தால் கதை நிற்கும் என்றால் எடுங்கள். நிற்காது என்றால் அந்தக் கதையைப் பெரிய வகுப்புக்கு வைத்துக்கொண்டு, நாடகம் முடிந்ததும் அந்தச் சொல்லைப் பற்றியே பேசுங்கள்.

மூன்றாம் படி: ஆட்கள்

நான்கு நடிகர்கள், தாளத்துக்கும் நேரத்துக்கும் ஒருவர். ஐந்து பேர், இரண்டு பைகள். டவுன் பஸ்ஸில் ஏறிப் போகக்கூடிய குழுவாக இருந்தால்தான் மாதம் எட்டுப் பள்ளிக்குப் போக முடியும். வேன் தேவைப்படும் குழு விரைவில் வேனுக்காகவே உழைக்கத் தொடங்கிவிடும்.

நடிகர் தேர்வில் நாங்கள் வைப்பது ஒரே சோதனை: முன்பு பார்க்காத ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வோம். திக்கலாம், தவறில்லை. பொருள் புரிந்ததும் குரல் மாறுகிறதா என்று மட்டும் கவனிப்போம். பேச்சில் நெல்லை வாடையோ கொங்கு வாடையோ இருந்தால் அதைத் துடைக்க வேண்டாம். ழகரம் மட்டும் கட்டாயம் வர வேண்டும். ஒரு நிகழ்ச்சியில் 'மழை' என்பது நாற்பது நிமிடமும் 'மளை'யாகப் பெய்தது. தமிழாசிரியை எங்களை அனுப்பிவைத்தபோது முகத்தில் சிரிப்பே இல்லை.

சம்பளம் கொடுங்கள். லாப நோக்கமில்லாத அமைப்பு என்றால் லாபத்தை யாரும் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது என்றுதான் பொருள். வேலை செய்தவருக்குக் கூலி கிடையாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. சேவை என்ற பெயரில் இலவசமாக வந்த நடிகர்கள் எல்லாரும், அத்தை மகள் கல்யாணம் வந்ததும் ஒத்திகையை விட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமும் சொல்ல முடியாது.

நான்காம் படி: ஒத்திகை

மூன்று வாரம் போதும். முதல் வாரம் யாரும் எழுந்து நிற்கக் கூடாது. வட்டமாக உட்கார்ந்து வாசிப்பு மட்டும். இரண்டாம் வாரம் பிரதி கையில் இருக்க, நடமாட்டம். மூன்றாம் வாரம் வெயிலில், மொட்டை மாடியிலோ மைதானத்திலோ, பிரதி இல்லாமல்.

பொருட்கள் ஐந்துக்கு மேல் வேண்டாம். எங்கள் பையில் இருப்பவை: நான்கு முழத் துண்டு, பித்தளைச் சொம்பு, மடக்கு முக்காலி, கயிறு, ஒரு கஞ்சிரா. துண்டு தொட்டிலாகும், ஆறாகும், பிணமாகும். உடை அன்றாடம் போடுவதுதான். நடிகர்கள் நால்வரும் ஒரே நிறத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கு நல்ல தெளிவு கிடைக்கும்.

சினிமாப் பாட்டு வேண்டாம். உரிமச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். பாட்டு ஒலித்த நொடியில் பிள்ளைகளின் மனம் அந்தப் படத்துக்குப் போய்விடும், திரும்பி வராது.

ஐந்தாம் படி: பதிவு, பணம்

முதல் ஆறு மாதம் பதிவு எதுவும் இல்லாமல் பத்துப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகும் குழு ஒன்றாக இருந்தால் பதிவு செய்யலாம்.

வழிகள் மூன்று. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்கீழ் சங்கம்: குறைந்தது ஏழு பேர் வேண்டும், ஆண்டுதோறும் பொதுக்குழு, கணக்குத் தாக்கல். அறக்கட்டளை: சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணப் பதிவு, ஆட்கள் குறைவாக இருந்தால் இதுதான் எளிது. மூன்றாவது, கம்பெனிகள் சட்டம் 2013இன் எட்டாம் பிரிவில் வரும் லாப நோக்கமற்ற கம்பெனி: கட்டுப்பாடுகள் அதிகம், பெரிய நிறுவனங்களிடம் மதிப்பும் அதிகம். நாங்கள் அறக்கட்டளை. சங்கமாக இருந்த நண்பர் குழு ஒன்றில் தேர்தல் வந்து, நாடகத்தைவிட அது விறுவிறுப்பாகப் போனதைப் பார்த்த பயம்தான் காரணம்.

ஆடிட்டர் ஒருவரை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு (12ஏ என்பார்கள்), கொடை தருபவருக்கு வரிச்சலுகை (80ஜி என்பார்கள்) ஆகியவற்றுக்கு அவர்தான் விண்ணப்பிப்பார். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் கொடையாளருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. வங்கி வழியாக வாங்கிப் பழகுங்கள். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி கேட்பதென்றால் அதற்குத் தனிப் பதிவு உண்டு. வெளிநாட்டுப் பணத்தில் மிகுந்த கவனம் தேவை. துபாயில் வேலை செய்யும், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் அண்ணன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான பதிவு இல்லாமல் தொடக் கூடாது.

நல்கை (நிதியுதவி) தேடுபவர்கள் பெங்களூரு இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ், மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் திட்டங்கள், தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் ஆகியவற்றைப் பார்க்கலாம். ஆனால் நல்கையை நம்பிச் சம்பளம் பேசாதீர்கள். எங்களுக்கு நிலையாகச் சோறு போடுவது, கட்டணம் கொடுக்கக்கூடிய தனியார் பள்ளிகளில் மாதம் இரண்டு நிகழ்ச்சி. அந்தப் பணத்தில் அரசுப் பள்ளி நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

காவல்துறை அனுமதி பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். நாடகப் பிரதியை முன்கூட்டியே காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்கச் சொன்ன 1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, 'பரீக்‌ஷா' நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று அறிவித்துவிட்டது. பள்ளி வளாகத்துக்குள் நடப்பதற்குத் தேவை கல்வித் துறையின் அனுமதிதான்.

ஆறாம் படி: பள்ளிக்குள் போவது

தலைமை ஆசிரியருக்குத் தெரிந்தவர் என்ற உரிமையில் நேரே போய் இறங்காதீர்கள். நாளை யாராவது புகார் சொன்னால் மாட்டிக்கொள்பவர் அவர்தான். மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு விண்ணப்பம், அதில் கதையின் வெட்டிய பிரதி, குழுவினர் பெயர்கள், அடையாள அட்டை நகல்கள், எவ்வளவு நேரம், கட்டணம் இல்லை என்ற உறுதி ஆகியவை இருக்க வேண்டும். அனுமதி கையில் வந்ததும் அதன் நகலோடு தலைமை ஆசிரியரைப் பாருங்கள்.

நாட்காட்டி மிக முக்கியம். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, பிப்ரவரி தொடங்கியதும் பொதுத்தேர்வுக் காய்ச்சல். நவம்பரில் மழை. ஆக ஜூலை, ஆகஸ்ட், அக்டோபரின் சில வாரங்கள், பொங்கலுக்குப் பின் ஜனவரி. இவ்வளவுதான் உங்கள் ஆண்டு.

முந்தைய நாளே ஒருவர் போய் இடத்தைப் பார்த்துவிட வேண்டும். பார்க்க வேண்டியது மேடையை இல்லை. பெரும்பாலான பள்ளிகளில் கொடிக்கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் சிமெண்ட் மேடை நாடகத்தின் எதிரி. அதன்மேல் ஏறியதும் நடிகர் தலைமை விருந்தினர் ஆகிவிடுவார். தரையில் நடியுங்கள். நடிகருக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கட்டும். குரல் காற்றில் போகாது. சூரியன் நடிகரின் முகத்தில் அடிக்க வேண்டும், பிள்ளைகளின் கண்ணில் கூடாது. அதனால் காலை நிகழ்ச்சிக்கு ஓரிடமும் மாலைக்கு எதிர்ப்பக்கமும் தேவைப்படும். சத்துணவுக்கூடத்திலிருந்து தாளிக்கும் வாசனை வரும் திசையைத் தவிர்த்துவிடுங்கள், அதுவும் பதினொன்றரை மணிக்கு.

120 பிள்ளைகளுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். "மொத்தப் பள்ளியும் பார்க்கட்டுமே, எல்லாம் நம் பிள்ளைகள்தானே" என்று ஒவ்வொரு தலைமை ஆசிரியரும் சொல்வார். பணிவாக, இரண்டு நிகழ்ச்சியாக நடத்தித் தருகிறோம் என்று சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்தால் இருவருக்கும் கதை போய்ச் சேராது.

ஏழாம் படி: அந்தத் தொண்ணூறு நிமிடம்

முதல் பதினைந்து நிமிடம் நாடகம் இல்லை. பிள்ளைகளோடு ஒரு விளையாட்டு. கதைக்குள் வரும் ஒரு வினையை அவர்கள் உடலால் செய்து பார்க்க வேண்டும். காத்திருப்பதைப் பற்றிய கதை என்றால், வராத பஸ்ஸுக்காக எல்லாரும் இரண்டு நிமிடம் நிற்பார்கள்: வெயிலில், மழையில், கையில் குழந்தையோடு. கதைச்சுருக்கம் சொல்லாதீர்கள். ஆசிரியர் யாராவது ஆர்வத்தில் சொல்லத் தொடங்கினால் கஞ்சிராவைத் தட்டிவிடுங்கள்.

நாடகம் 35 நிமிடம். நடுவில் மணி அடிக்கும், நாய் வரும், தபால்காரர் வருவார். நடிகர் நிறுத்தி, மணி ஓய்ந்ததும் அதே வாக்கியத்தை மறுபடி தொடங்க வேண்டும். அதன்மேல் கத்தக் கூடாது. நாய்க்காக ஒரு நகைச்சுவை சொல்ல நாக்கு அரிக்கும். எழுத்தாளர் எழுதாத சொல் அது.

முடிந்ததும் மீதி நேரம் பேச்சு. இங்கேதான் பல குழுக்கள் வழுக்குகின்றன. "இந்தக் கதையிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டால், "பொய் சொல்லக் கூடாது" என்று நூறு குரல் ஒரே சுருதியில் வரும், கதையில் பொய்யே இல்லாவிட்டாலும். வேறு மாதிரிக் கேளுங்கள். யார் மேல் உங்களுக்குக் கோபம் வந்தது? எந்த இடத்தில் நீங்களாக இருந்தால் எழுந்து போயிருப்பீர்கள்? நாங்கள் காட்டாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா? பதில் வராவிட்டால் ஒரு முழு நிமிடம் சும்மா இருங்கள். ஆசிரியர்கள் முன்னால் நிற்கும்வரை பிள்ளைகள் ஆசிரியருக்குத்தான் பதில் சொல்வார்கள். அவர்களைப் பின்வரிசையில், பிள்ளைகளோடு தரையில் உட்காரச் சொல்லுங்கள். பலர் மகிழ்ச்சியாகவே உட்காருகிறார்கள்.

கதைக்குள் பசி, அடி, சாவு இருந்தால் யாராவது ஒரு பிள்ளை தன் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடலாம். அதைக் கூட்டத்தில் கிளறாதீர்கள். நடிகர் யாரும் ஒரு பிள்ளையோடு தனியறையில் பேசக் கூடாது. பேச வேண்டியிருந்தால் இரண்டு பெரியவர்கள், திறந்த இடம். பாலியல் தொல்லை என்று தெரியவந்தால் மறைக்க உங்களுக்கு உரிமை இல்லை. போக்சோ சட்டம் 2012இன்படி புகார் செய்வது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098ஐ நடிகர்கள் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் படம் எடுப்பதில்லை என்றும் முடிவெடுத்தோம். நல்கை கொடுப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். முதுகுகளின் படத்தை அனுப்பிவைக்கிறோம்.

எட்டாம் படி: புத்தகம்

புத்தகம் இல்லாமல் பள்ளிக்குப் போகாதீர்கள். அந்தக் கதை இருக்கும் நூலின் ஏழெட்டுப் பிரதிகள், அதே எழுத்தாளரின் வேறு நூல்கள் இரண்டு, பிள்ளைகள் தாமாகப் படிக்கக்கூடிய மெல்லிய நூல்கள் கொஞ்சம், எல்லாம் ஒரு துணிப்பையில். பேச்சு முடிந்ததும் நடிகர் ஒருவர் புத்தகத்தைத் திறந்து, சற்று முன் தான் பேசிய முதல் வாக்கியத்தை வாசிப்பார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு வரும். அதுவரை எல்லாம் இவர்களே இட்டுக்கட்டிப் பேசியது என்று நினைத்திருப்பார்கள். அடுத்த வாக்கியத்தை யார் வாசிக்கிறீர்கள் என்று பிரதிகளை நீட்டுங்கள்.

பையை ஒரு மாதம் பள்ளியிலேயே விட்டுவிடுங்கள், பீரோவுக்குள் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஒரு நாற்பது பக்க நோட்டைப் பையோடு கட்டிவிடுங்கள். எடுப்பவர் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளட்டும். மாதம் கழித்துப் போகும்போது எத்தனை பேர் எடுத்தார்கள் என்பதோடு, ஒரே பெயர் இரண்டு முறை வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் கணக்கில் நாடகம் தேறியதா என்பதற்கு அந்த இரண்டாம் முறைதான் அத்தாட்சி. கைதட்டலைக் குறித்துவைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டோம்.

எப்போதும் ஒன்றிரண்டு பிரதிகள் திரும்பாது. துரத்த வேண்டாம், பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள். அட்டை கிழிந்து, குழம்புக் கறையோடு திரும்பி வருவதை ஒட்டி, அடுத்த பள்ளிப் பையில் மேலாக வையுங்கள். புதுப் பிரதியைத் தொடத் தயங்கும் பிள்ளைகள் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள்.